நகத்துக்கடியில் ஒரு கறுப்புக் கோடு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, போன தடவை மாதிரி மெஸ் கதையே வேண்டாம்" என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். மறைமலைநகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மருத்துவ விஷயம். நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயும், அதை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் விரலை எடுக்காமல் செய்யக்கூடிய அறுவை சிகிச்சையும்தான் தலைப்பு. மெக்கானிக்கல்காரனுக்கு இதில் என்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு முகம் கேட்கிறது. எங்கள் குடும்பத்தில் இது நடந்தது என்பது ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொரு காரணம், இந்த விஷயம் முழுக்க முழுக்க டாலரன்ஸ் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில் ஒரு விரலின் கதி முடிவாகிறது.

முதலில் நகம். 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நாம் எல்லோரும் ஓட்டுப் போட்டோம். இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தில் ஆரம்பித்துத் தோல் வரைக்கும் ஒரு கோடு மை வைத்தார்கள். தோலில் இருந்தது கொஞ்ச நாளில் போய்விட்டது. நகத்தில் இருந்தது போகவில்லை. ஆனால் அது நகர்ந்தது. மே மாதக் கடைசியில் பார்த்தால் நகக்கண் பக்கம் வெள்ளையாகப் புது நகம், மை கொஞ்சம் முன்னால் தள்ளிப் போயிருந்தது. அப்புறம் ஒரு நாள் நகவெட்டியோடு வெட்டிப் போட்டோம். கை விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால் நகம் அதில் பாதிகூட இல்லை. பெருவிரல் நகம் முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

நகம் செய்கிற ஃபேக்டரி, நகக்கண்ணுக்குப் பின்னால் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டைவிரலில் வெள்ளையாகப் பிறைச்சந்திரன் மாதிரி தெரிகிறதே, அது அந்த ஃபேக்டரியின் வாசற்படி. டாக்டர்கள் மேட்ரிக்ஸ் என்பார்கள். நான் நகவேர் என்றே சொல்கிறேன். எக்ஸ்ட்ரூஷன் டை மாதிரி, பின்னாலிருந்து சீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த டையில் ஒரு இடத்தில் சாயம் கசிந்தால் வெளியே வருகிற சீட்டில் என்ன தெரியும்? நீளவாக்கில் ஒரு கோடு. கசிவு நிற்காத வரை கோடும் நிற்காது, நகரவும் செய்யாது. நகவேரில் இருக்கும் மெலனோசைட் என்ற நிறமி செல்கள் கூடுதலாகச் சாயம் விட்டால் வருகிற கறுப்புக் கோடு இந்த வகை.

சுத்தியல் பட்டோ, கதவில் நசுங்கியோ நகத்துக்கடியில் ரத்தம் கட்டினால் அதுவும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது ஓட்டு மை மாதிரி. நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து, பின்னால் சுத்தமான நகம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு மாதம் பார்த்தும் நகராத கறுப்பு ரத்தக்கட்டு இல்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனாலும் போதும், நான் வந்த பெட்ரோல் செலவுக்குச் சரியாகிவிடும்.

உடனே எல்லோரும் கையைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பயப்படாதீர்கள். நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் கறுப்பு நிறத்தவர்களுக்கும் வயது ஏற ஏற நகத்தில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வருவது சகஜம். இரண்டு மூன்று விரலில் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில மருந்துகளால் வரும், பி12 சத்துக் குறைவால் வரும், பூஞ்சையாலும் வரும். குழந்தைகளுக்கு வருகிற கோடு அநேகமாகத் தீங்கில்லாதது, ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சந்தேகப்பட வேண்டிய கோடு எது என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் ஒரு நினைவுக்குறிப்பே எழுதிவைத்தார்கள். அதன் சாரத்தை நம் பாணியில் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவரா? கோடு 3 மில்லிமீட்டர் அகலமோ அதற்கு மேலோ இருக்கிறதா, ஓரம் பிசிறடித்திருக்கிறதா? சில மாதத்தில் அகலமாகியிருக்கிறதா, கருத்திருக்கிறதா? ஒற்றை விரலில் மட்டும் இருக்கிறதா, அதிலும் கட்டைவிரலா, கால் பெருவிரலா? குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்கு வழிந்திருக்கிறதா? இந்தக் கடைசி அடையாளத்துக்கு ஹட்சின்சன் குறி என்று பெயர். லண்டன் சர்ஜன் ஜோனதன் ஹட்சின்சன் 1886-லேயே இந்த நோயைக் 'கறுப்பு நகச்சுத்தி' என்ற பொருளில் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இதை நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சங்கடம் உண்டு. கணிசமான பேருக்கு இந்த நோய் கறுப்பே இல்லாமல் வருகிறது. சிவந்த சதை வளர்ந்து, நகம் பிளந்து, ஆறாத புண்ணாக நிற்கும். நகச்சுத்தி என்று மருந்து போட்டும் ஆறு வாரத்தில் ஆறவில்லை என்றால் சதையை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம், மருதாணி. நகத்தைச் சிவக்க வைத்து அடியில் இருப்பதை மூடிவிடும். நெயில் பாலிஷும் அப்படித்தான். வொர்க்‌ஷாப்காரர்களுக்கு கிரீஸ் கறை. அடுத்த மருதாணி வைப்பதற்கு முன்னால் வெறும் நகத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லலாம்.

"மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதியாச்சே, வெயில் படுவதால் வருவதாச்சே" என்று படித்தவர்கள் கேட்பார்கள். உடம்புத் தோலில் வருவதற்கு அது பொருந்தும். நம் தோலின் நிறமே அங்கே நமக்குக் குடை. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருகிற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நகத்தடி மெலனோமா வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று பார்க்காமல் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது, எல்லோருக்குமே அபூர்வமாக. அபூர்வம் என்பதே இதில் ஆபத்து. தெருமுனை டாக்டர் தன் ஆயுளில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எதிர்பார்க்காத டிஃபெக்டை இன்ஸ்பெக்டர் பிடிக்க மாட்டார் என்பது எங்கள் துறையில் பழைய பாடம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இனி சிகிச்சை. ரொம்ப காலமாக இதற்கு ஒரே பதில்தான், விரலை எடுத்துவிடு. அதுவும் நுனியோடு நிறுத்தாமல் விரலின் அடி மூட்டில், சில சமயம் உள்ளங்கை எலும்போடு சேர்த்து எடுத்தார்கள். எவ்வளவு மேலே வெட்டுகிறோமோ அவ்வளவு பத்திரம் என்ற எண்ணம். பழைய நோயாளிகளின் கணக்குகளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது, அடியில் வெட்டியவர்கள் நுனி மூட்டில் வெட்டியவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. உயிரைத் தீர்மானித்தது வெட்டிய இடம் அல்ல, வெட்டுகிற நாளில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதுதான். அந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையை 1970-இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்கூறு நிபுணர் கொண்டுவந்தார். ஒரு புற்றுநோயின் கொடுமையை மில்லிமீட்டரில் சொல்ல முடிகிறது என்று படித்தபோது, நம்ம ஆள் யா இவர் என்று தோன்றியது எனக்கு.

விரல் நுனி போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் தொழிற்சாலையில் பார்த்துப் பழகிய ஒரு அட்டவணையைச் சொல்கிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகிறது என்று பட்டியல் போட்டிருந்தார்கள். கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம். கட்டைவிரலின் நுனிக் கணு மட்டும் போனால் 20 சதவீதம். கவனியுங்கள், நுனிக் கணு ஒன்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு. ஆள்காட்டி விரல் முழுசும் 14, அதன் ஒரு கணு 9. கால் பெருவிரல் அடியோடு போனால் 14, நுனியில் எலும்போடு கொஞ்சம் போனால் 3. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் டாக்டர்கள் அல்ல. ஆனால் கட்டைவிரல் நுனிக்கும் கால்விரல் நுனிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள். இன்றைக்கும் சர்ஜன்கள் ஏறத்தாழ இதே தராசில்தான் நிறுக்கிறார்கள். கால் விரல் என்றால் நுனியை எடுக்கச் சுலபமாக ஒப்புக்கொள்வார்கள். கட்டைவிரல் என்றால் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

இப்போது அந்த டாலரன்ஸ் கணக்குக்கு வருகிறேன். உடம்பில் வேறெங்கும் தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது, தசை இருக்கிறது. சர்ஜன் பக்கவாட்டிலும் அடியிலும் தாராளமாக மெட்டீரியல் அலவன்ஸ் விட்டு வெட்டலாம். நகத்தடியில் கொழுப்பே கிடையாது. நகப்படுக்கை நேரே எலும்பின் மேலுறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகவேரிலிருந்து எலும்புக்கு இருக்கும் தூரம் குறைந்த இடத்தில் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று கேட்டால் கொடுக்கலாம். ஆழத்தில் கேட்டால் கொடுக்க இடமே இல்லை, அடுத்தது எலும்பு. "அப்படியானால் எலும்பையும் சேர்த்து எடுத்துவிடு" என்பதுதான் பழைய வாதம், அதில் நியாயமும் இருந்தது.

விரலை விட்டுவைக்கலாம் என்று சொல்கிறவர்களின் வாதம் வேறு. நோய் தோலின் மேலடுக்கிலேயே நிற்கிற கட்டம் ஒன்று உண்டு. மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் நடுவில் ஒரு சவ்வு, கேஸ்கெட் மாதிரி. கேஸ்கெட்டைத் தாண்டாத வரை செல்லுக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நிணநீர்க்குழாயும் கிடையாது, வேறிடம் பரவ வழியில்லை. இந்தக் கட்டத்தில் பிடித்தால், நகம், நகப்படுக்கை, நகவேர், சுற்றியுள்ள தோல் ஆகியவற்றை ஒரே துண்டாக, எலும்பின் மேலுறையோடு சேர்த்து உரித்து எடுத்தால் போதும். எலும்பு நிற்கும், மூட்டு நிற்கும், விரல் நீளம் குறையாது. வெறுமையான இடத்தில் மேல்கையின் உட்புறத்திலிருந்தோ இடுப்பு மடிப்பிலிருந்தோ தோல் எடுத்து ஒட்டுவார்கள். கேட்க எளிது, செய்ய நுணுக்கமான வேலை. நகவேரின் இரண்டு மூலைகளும் கொம்பு மாதிரி விரலின் பக்கவாட்டில் இறங்கியிருக்கும், அதை மிச்சம் வைக்கக் கூடாது. நகவேருக்குப் பின்னால் ஓரிரு மில்லிமீட்டரில் விரலை நிமிர்த்தும் தசைநாண் எலும்பில் சேர்கிறது. அது அறுந்தால் நுனி தொங்கிவிடும்.

சோதனைக்குச் சதை எடுப்பதும் இடம் தெரிந்து செய்ய வேண்டியது. கோடு தெரிவது நக நுனியில், கசிவு இருப்பது நகவேரில். நுனி நகத்தை வெட்டி அனுப்பி "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வாங்குவது, பம்ப் லீக்குக்குக் குழாய் முனையைச் சோதிக்கிற கதைதான்.

மேலடுக்கிலேயே நின்ற நோய்க்கு விரலைக் காக்கும் அறுவை செய்தவர்கள், விரலை எடுத்தவர்களுக்குச் சமமாகவே வாழ்கிறார்கள் என்று இதுவரையான அனுபவம் சொல்கிறது. சிலருக்கு அதே இடத்தில் திரும்ப வரும், அதனால்தான் வருஷக்கணக்கில் கண்காணிப்பு. கேஸ்கெட்டைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கிய நோய்க்கு என்ன செய்வது என்பதில்தான் டாக்டர்களுக்குள் இன்னும் வாக்குவாதம். அபூர்வ நோய் என்பதால் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆள் சேர்வதில்லை. ஜப்பானில் உள்ளங்கால், நகத்தடி மெலனோமாதான் மற்ற வகைகளைவிட அதிகம். அதனால் அவர்கள் இதைச் சும்மா விடவில்லை. 2017-இல் 21 மருத்துவமனைகள் சேர்ந்து, எலும்பில் நுழையாத நகத்தடி மெலனோமா உள்ள 85 பேரைச் சேர்த்து, விரலை எடுக்காமல் அறுவை செய்து தொடர்ந்து கவனிப்பது என்று ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். 85 பேரைச் சேர்க்கவே வருஷக்கணக்கில் ஆகும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எலும்பில் நுழைந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, விரலை எடுக்கத்தான் வேண்டும். அதை ஜப்பான்காரர்களும் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் பாப் மார்லியின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஹாஸ்டல் சுவர்களில் அவர் படம் இன்னும் இருக்கிறது, காலையில்தான் பார்த்தேன். ஜமைக்காவின் பெரிய பாடகர், கால்பந்துப் பைத்தியம். 1977-இல் வலது கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது விளையாட்டில் பட்ட காயம் அல்ல, மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்னார்கள். அவருடைய ரஸ்தஃபாரி நம்பிக்கை உடலில் எதையும் வெட்டி எடுப்பதை ஏற்காது, மறுத்துவிட்டார். நகப்படுக்கையை மட்டும் எடுத்து, தொடையிலிருந்து தோல் ஒட்டினார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். நோய் மூளை வரை போயிருந்தது. 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தபோது வயது 36. இந்தக் கூட்டத்தில் என் பேட்ச்காரர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான். "அவரும் விரலைக் காப்பாற்றிய அறுவைதானே செய்துகொண்டார்?" என்று ஒருவர் மடக்கலாம். செய்த வேலையின் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆழம் பார்த்து, ஓரம் பார்த்து, இது போதும் என்று சர்ஜனே சொல்லி விரலை விடுவது வேறு. எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்ன பிறகு நோயாளி விடச் சொல்வது வேறு.

இனி எங்கள் வீட்டு விஷயம். என் சித்தப்பா கிண்டி தொழிற்பேட்டையில் 32 வருஷம் டர்னராக இருந்தவர். இங்கே ஊரப்பாக்கத்தில்தான் வீடு. எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நம் கல்லூரி மெட்ராலஜி லேப் அல்ல, அவர்தான். (லேப் சார் மன்னிக்க வேண்டும்.) 2019 வாக்கில் அவருடைய வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு. கிரீஸ் கறை, ஆயுசுக்கும் போகாது என்று அவரே ஜோக்கடித்துக்கொண்டிருந்தார். 2021-இல் அது 4 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஒரு கிளினிக்கில் நகச்சுத்தி என்று சொல்லி நகத்தைத் தூக்கிவிட்டு அனுப்பினார்கள், எதையும் சோதனைக்கு அனுப்பவில்லை. புது நகமும் அதே கோட்டோடு வளர்ந்தது. அவர் மகள்தான் ஒரு நாள் சோறு பரிமாறும்போது பார்த்து, "அப்பா, கறுப்பு தோலுக்கு வந்துடுச்சுப்பா" என்று பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த இளம் பெண் டாக்டர் டெர்மாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார், பேசவே இல்லையாம். நகவேரில் சதை எடுத்தார்கள். மெலனோமா, ஆனால் மேலடுக்கிலேயே நிற்கிறது என்று ரிப்போர்ட்.

சர்ஜன் இரண்டு வழியையும் வைத்தார். நுனிக் கணுவை எடுத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும், திரும்ப வரும் பயமும் குறைவு. விரலை வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று தடவை தியேட்டருக்கு வர வேண்டும், பல வருஷம் கண்காணிப்பு. உயிர்க்கணக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்று அவர் நினைப்பதாகவும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்றும் சொன்னார். வீட்டில் பெரிய சண்டை. சித்தி, "விரல் போனாப் போகட்டும்ங்க, நீங்க இருக்கணும்" என்று அழுதார். சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டர், ஓரம் சுத்தமா இருக்கான்னு எப்படிச் செக் பண்ணுவீங்க?" தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள். டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: எடுத்த துண்டின் நாலு பக்கமும் மை தடவி லேபுக்கு அனுப்புவோம், ரிப்போர்ட் வரும் வரைக்கும் தோல் ஒட்ட மாட்டோம், புண்ணை மூடி மட்டும் வைப்போம், ஓரத்தில் மிச்சம் என்றால் மறுபடி எடுப்போம். "அப்படின்னா சரி" என்றார் சித்தப்பா.

அப்படியேதான் நடந்தது. முதல் ரிப்போர்ட்டில் ஒரு பக்க ஓரத்தில் மிச்சம். மறுபடி எடுத்தார்கள். இரண்டாவது ரிப்போர்ட் சுத்தம். அப்புறம்தான் தோல் ஒட்டினார்கள். ஒட்டிய தோலின் ஒரு மூலை கறுத்துப் போய், ஆற ஆறு வாரம் ஆனது. ஒரு வருஷம் கழித்து அதே மூலையில் கூராக ஏதோ வளர்ந்தது. வீடே கலங்கிவிட்டது. எடுத்துச் சோதித்ததில் வெறும் நகத் துணுக்கு, கொம்பில் மிஞ்சிய நகவேர் செய்த வேலை. இன்றைக்கும் நாலு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறார். மார்கழிக் குளிரில் விரல் நுனி விறைக்கிறது என்பார். இடித்துக்கொண்டால் உயிர் போகிறது, மேலே கவசமாக நகம் இல்லையே. ஆனால் மைக்ரோமீட்டர் ராட்செட்டைத் திருப்புகிறார், ரேஷன் கடையில் ரேகை வைக்கிறார், சட்டைப் பொத்தான் போடுகிறார். சித்தி இன்னமும், "எடுத்திருந்தா நிம்மதியா இருந்திருக்கலாம்" என்கிறார். நாலு மாதத்துக்கு ஒருமுறை, ரிப்போர்ட் வருகிற வரைக்கும் அவர் தூங்குவதில்லை. அவர் சொல்வது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல் சித்தப்பாவுடையது, ராத்திரி சித்தியுடையது.

விரல் நுனியை அநியாயமாக விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் நம் ஊருக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல என்பதையும் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையை வளர்த்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. மெஷினில் விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு வருகிற தொழிலாளிகளுக்கு, எலும்பை இன்னும் குறைத்துத் தைத்து அனுப்புவதற்குப் பதிலாக, விரலின் உள்பக்கத் தோலை நரம்போடும் ரத்தக்குழாயோடும் முக்கோணமாக எடுத்து முன்னால் நகர்த்தி நுனியை மூடும் முறையை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கக் கை சர்ஜன்கள் வெங்கடசாமி ஃபிளாப் என்றே சொல்கிறார்கள். அது விபத்துக்கான முறை, மெலனோமாவுக்கானது அல்ல. ஆனால் நுனியின் அருமை தெரிந்த கை அது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் நம்ம ரயில் பாதையிலேயே செங்கல்பட்டு இருக்கிறது. 1947 வாக்கில் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் என்ற சர்ஜன், அங்கே திருமணி தொழுநோய் இல்லத்தில் டாக்டர் காக்ரேனைப் பார்க்க வந்தார். மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடி வலித்தது. செத்த கை என்று எல்லோரும் கைவிட்ட கையில் அவ்வளவு பலம் மிச்சம். அந்தக் கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைகளை அவர் வேலூரில் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். விரலை எடுப்பதற்கு முன் என்ன மிச்சம் இருக்கிறது என்று பிடித்துப் பார்ப்பது, ஊரப்பாக்கத்திலிருந்து அரை மணி ரயில் தூரத்தில் ஏற்கெனவே நடந்த காரியம்.

யாருக்காவது இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் என்ன கேட்பது என்று இடைவேளையில் ஒரு தோழி கேட்டார். சதை எடுத்தது நகவேரிலிருந்தா? மேலடுக்கில் நிற்கிறதா, இறங்கியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர்? எலும்பை ஸ்கேன் செய்தாயிற்றா? ஓர ரிப்போர்ட் வந்த பிறகுதான் தோல் ஒட்டுவீர்களா? இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு இருக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு நம்ம பக்கத்திலிருந்து இரண்டு இடத்துக்கும் போகப் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஒருநாள் லீவு போட்டால் போதும்.

நம் மெஷின் டிராயிங் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், "நகம் திரும்ப வளருமா?" என்று. வளராது சார். ஃபேக்டரியையே எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் வெறும் தோல்தான், வழவழவென்று. தரையில் விழுந்த குண்டூசியை அந்த விரலால் எடுக்க வராது, ஆரஞ்சுத் தோல் உரிக்க வராது. சித்தப்பா அதற்கு இடது கையைப் பழக்கிக்கொண்டார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பின்னால் சாம்பார் வாசனையும் வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் என்னிடம் நகத்தை நீட்டாதீர்கள், நான் வெறும் மெக்கானிக்கல். என் பேட்ச்மேட் ஒருவரின் மனைவி தோல் டாக்டர், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன், டார்ச் லைட் நான் கொண்டுவந்திருக்கிறேன்.